முடி உதிர்கிறதா, ஒடிகிறதா?



கூந்தலைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், தபாலில் கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. எல்லோருக்கும் தனித்தனியே பதில் எழுதுவது சாத்தியமில்லை. ஆகையால் இந்த வாரம், மேல்விஷாரத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கும் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். கவலை அவருடையது, பதில் நம் எல்லோருக்கும் உதவும்.

அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தவள். குழந்தைக்கு இப்போது நாலாவது மாதம். பெண் தலை வாரினால் சீப்பு நிறைய முடி, தலையணையில் முடி, குளியலறை மூலையில் முடி. "இந்த ஊர் உப்புத் தண்ணீர்தான் என் மருமகள் தலையை மொட்டையடிக்கிறது" என்று சம்பந்தியம்மாள் குறைப்படுகிறாராம். பக்கத்து வீட்டார் வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்கிறார்கள். பட்டணத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண்ணோ, "பார்லரில் கெராட்டின் சிகிச்சை செய்துகொண்டால் முடி நின்றுவிடும்" என்கிறாள். செலவு பல ஆயிரம். அடுத்த மாதம் மகனுக்கு நிக்காஹ். அதற்குள் மகளுக்கு இதைச் செய்துவிடலாமா என்று கேட்கிறார்.

அம்மா, பணத்தை முந்தானையில் முடிந்து வையுங்கள். அதை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கு முடி உதிர்கிறதா, ஒடிகிறதா?

இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை மேல்விஷாரத்தாருக்கு வெளியூரிலிருந்து எழுதும் நான் விளக்க வேண்டியதே இல்லை. ஆர்க்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டியிருக்கும் அந்த ஊரில் தோல் ஷாப்பைப் பற்றி அறியாத வீடு அபூர்வம் அல்லவா?

ஆட்டுத் தோலிலிருந்து ரோமத்தை நீக்குவதற்குத் தோல் பதனிடும் இடங்களில் இரண்டு வழி உண்டு. ஒரு வழியில், சுண்ணாம்பையும் சோடியம் சல்பைடையும் குழம்பாகக் கரைத்து, தோலின் உட்புறத்தில், அதாவது சதைப் பக்கத்தில் பூசி மடித்து அடுக்கி வைப்பார்கள். சரக்கு உள்ளிருந்து ஊறி வேரைத் தளர்த்திவிடும். பிறகு ரோமம் முழுசாகக் கழன்று வரும். இழைக்கு ஒரு சேதமும் இராது. மற்றொரு வழியில், அதே சரக்கைக் கலந்த தண்ணீரில் தோலை முழுவதுமாக மூழ்க விடுவார்கள். அப்போது ரோமம் இழையிலேயே நைந்து கூழாகக் கரைந்து போகும்.

சரக்கு ஒன்றுதான். வேரைத் தொட்டால் கழல்கிறது. இழையைத் தொட்டால் நைகிறது. நம் தலையிலும் சங்கதி இதேதான். வேருக்கு வந்த கேட்டினால் முடி உதிரும். இழைக்கு வந்த கேட்டினால் முடி ஒடியும். வேருக்கு ஒரு வைத்தியம், இழைக்கு வேறு வைத்தியம். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குச் செய்தால் பணம்தான் கரையும்.

வேர் உயிருள்ளது. அது தோலுக்குள் உட்கார்ந்து இரத்தத்திலிருந்து ஆகாரம் எடுத்துக்கொள்கிறது. வெளியே நாம் பின்னிப் பூ வைத்துக்கொள்ளும் இழைக்கோ உயிர் கிடையாது. கத்தரித்தால் வலிக்காததே அதற்குச் சாட்சி. ஆகவே, "கூந்தலுக்கு ஊட்டம் தரும்" என்று புட்டியில் எழுதியிருந்தாலும் எந்தத் தைலமும் இழைக்குச் சோறு ஊட்ட முடியாது. மேலே நின்று காவல் காக்கலாம்; அவ்வளவுதான்.

எது உங்கள் தொல்லை என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். இன்று தலை வாரியதும் சீப்பில் வந்த முடியில் ஓர் இருபது இழையை எடுத்து, ஒரு துணியின் மேல் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையை விடச் சிறியதாக, வெளுத்த ஒரு முடிச்சு தெரிந்து, முடியும் உங்கள் கூந்தலின் முழு நீளத்துக்கு இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. முடிச்சு இல்லாமல், குட்டையும் நெட்டையுமான துண்டுகளாக இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. எந்த வகை அதிகம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலில் உதிர்வதைப் பார்ப்போம்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருஷங்கள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, பிறகு உதிர்கிறது. அதே குழியிலிருந்து புதிது முளைக்கிறது. தினம் 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் வாரினால் இரண்டு நாள் பாக்கியும் சேர்ந்தே சீப்பில் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் உடம்பில் மிகுந்திருக்கும் ஹார்மோன்களால், உதிர வேண்டிய முடியும் உதிராமல் தங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் கூந்தல் அடர்த்தியாகத் தோன்றுவது இதனால்தான். குழந்தை பிறந்ததும் ஹார்மோன்கள் இறங்கிவிடுகின்றன. தங்கியிருந்த முடியெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகிறது. இரண்டு, மூன்று, நாலு மாதத்தில் ஒரே சமயத்தில் விழுகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று சில வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மாதக் கணக்கு சரியாக இருக்கிறது!

மேல்விஷாரத்துத் தாயாரின் மகள் விஷயம் இப்போது விளங்கியிருக்கும். தாய்வீட்டுக்கு வந்தாள், அந்த ஊர்த் தண்ணீரில் குளித்தாள், முடி கொட்டியது. வரிசையாக நடந்ததால் ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று தோன்றுகிறது. புருஷன் வீட்டிலேயே இருந்திருந்தாலும் இந்த நாலாவது மாதத்தில் கொட்டியிருக்கும். முடிச்சோடு வரும் முழு நீள முடியாக இருந்தால் சம்பந்தியம்மாளுக்கு இந்தப் பத்திரிகையைத் தாராளமாகக் காட்டலாம். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் ஓராவது பிறந்த நாளுக்குள் கூந்தல் பழையபடி ஆகிவிடும். நெற்றியோரம் பூனை மயிர்போலச் சின்னச் சின்ன முடிகள் தலை நீட்டினால், புதிது வருகிறது என்று அர்த்தம்.

அதற்காகச் சும்மா இருந்துவிடச் சொல்லவில்லை. பிரசவத்தில் இரத்தம் போயிருக்கும். பால் கொடுக்கிற உடம்பு. இரத்தச் சோகை இருந்தால் உதிர்வது நீளும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளலாம். கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். முட்டை, பருப்பு, கீரை, மீன், கறி என்று வசதிப்பட்டதைத் தாய்க்கு ஒரு கை கூடவே போடுங்கள். பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு கோளாறும் வருவதுண்டு. அசாதாரணமான களைப்பு, படபடப்பு, உடம்பு இளைப்பது அல்லது பெருப்பது இவையும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் சொல்லி அதையும் பரிசோதிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை வாங்கி விழுங்குவது இப்போது பரவலாகிவிட்டது. உடம்பில் அந்தச் சத்துக் குறைவு இல்லாதவர்களுக்கு அதனால் பலன் என்று உறுதியாகவில்லை. அது மட்டுமல்ல, அதிக அளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவு தப்பாகக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் இதைப் பற்றிப் பகிரங்கமாகவே எச்சரித்தது. நோயைக் கண்டுபிடிக்கப் போய், மாத்திரையினால் ஏமாறுவானேன்?

பிரசவம் ஆகாதவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். முடி திடீரென்று கொட்டினால் காலண்டரை இரண்டு, மூன்று மாதம் பின்னால் புரட்டுங்கள். டைபாய்டு வந்ததா? டெங்குக் காய்ச்சலா? ஆபரேஷனா? இளைக்க வேண்டுமென்று பட்டினி கிடந்தீர்களா? குடும்பத்தில் பெரிய துக்கமா? காரணம் பெரும்பாலும் அங்கே அகப்படும். நேற்று மாற்றிய எண்ணெயின் மேல் பழி போட வேண்டாம்.

ஆனால் மூன்று அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. நாணயம் வைத்தாற்போல வட்டமாக வழுக்கை விழுந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு, உண்மையில் உடம்பின் பாதுகாப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவது அது. குழந்தைகளுக்குச் செதில் செதிலாக உரிந்து அரிப்போடு முடி போனால் பெரும்பாலும் படர்தாமரை. மேலே தடவும் மருந்து மட்டும் அதற்குப் போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும். வகிடு வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே போனால் அது பரம்பரை வகையாக இருக்கலாம். எவ்வளவு சீக்கிரம் வைத்தியம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மூன்றுக்கும் தோல் டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் முடி வளர்க்கும் மருந்தைத் தாமாகக் கடையில் வாங்கித் தடவக் கூடாது.

இனி ஒடியும் முடிக்கு வருவோம். தண்ணீரின் பேச்சு இங்கேதான் வருகிறது.

பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீர் உப்பானது கற்பனை அல்ல. தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுகிறார்கள்; ஊற வைக்கும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறுகிறது. பல ஆண்டுகளாக இந்தக் கழிவு மண்ணிலும் ஆற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், அசுத்தம் செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் விவகாரம் ஓயவில்லை. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றின் கேட்டைப் பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அந்த வட்டாரத்துப் பெண்கள் தண்ணீரைக் குறை சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தண்ணீர் முடியை என்ன செய்கிறது? கோயம்புத்தூர் மருத்துவர்கள், கடினத் தண்ணீரில் நனைத்த முடியையும் சுத்தமான தண்ணீரில் நனைத்த முடியையும் இழுத்துப் பார்த்து, பலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2013-ல் எழுதினார்கள். பாகிஸ்தானில் செய்து 2018-ல் வெளியான ஆய்வோ, கடினத் தண்ணீரில் முடியின் பலம் குறைகிறது என்றது. பண்டிதர்களே இரண்டு பட்சம்! இரண்டிலும் பேச்சு இழையின் பலத்தைப் பற்றியதுதான். வேரைப் பற்றியதல்ல என்பதைக் கவனியுங்கள்.

கண்ணுக்குத் தெரிகிற தொல்லை வேறொன்று உண்டு. கடினத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதிலாகத் தயிர்போலத் திரியும் அல்லவா? அந்த அழுக்குப் பிசுக்கு முடியில் படிந்துவிடுகிறது. முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழுகிறது. சிக்கை இழுத்து வாருகிறோம், முடி ஒடிகிறது. தண்ணீர் பாதிக் குற்றவாளி. சோப்பும் சீப்பும் மீதி.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது? ஒரு புட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி, சீவிய சோப்பைச் சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் மென்மையான தண்ணீர். நுரை எழாமல் வெள்ளையாகத் திரிந்தால் கடினத் தண்ணீர். கடினமென்று தெரிந்தால் செய்ய வேண்டியவை இவை:

தலைக்குச் சோப்புப் போடுவதை நிறுத்துங்கள். சீயக்காயோ ஷாம்புவோ போதும்; சோப்பைப் போல அவை தண்ணீரில் திரிவதில்லை. சீயக்காயை நன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். திப்பி தங்கினால் அதை எடுப்பதற்கே முடி போகும்.

கடைசியாக அலசும் ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட உத்தமம் வேறில்லை. இல்லையென்றால் குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு. அதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சம்பழச் சாறு விட்டு முடியில் ஊற்றி அலசினால் படிந்த பிசுக்கு விடும். தலையில் புண் இருந்தால் இது வேண்டாம்.

குளிப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவுங்கள். 2003-ல் வெளியான ஒரு மும்பை ஆய்வில், தேங்காயெண்ணெய் இழைக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கனிம எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்றும் கண்டார்கள். ஆய்வு செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நம் பாட்டிமார் வழக்கத்துக்கு அது ஒத்தே இருக்கிறது. பொடுகு உள்ளவர்கள் மட்டும் எண்ணெயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பொடுகுக்குக் காரணமான நுண்ணுயிருக்கு எண்ணெய்தான் விருந்து.

நனைந்த முடி பலவீனமானது. அப்போது பல் நெருக்கமான சீப்பைத் தொடவே கூடாது. பல் அகன்ற சீப்பினால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே போக வேண்டும். முக்காடு போடும் சகோதரிகள் ஈரத்தோடு கொண்டையிட்டு அதன் மேல் துணியை இறுக்காதீர்கள், கொஞ்சம் உலரட்டும். நெற்றி முடியை விறைக்க இழுத்துக் கட்டுவது வருஷக்கணக்கில் தொடர்ந்தால் வேரே போய்விடும். பள்ளிக்கூடம் போகும் பெண்களுக்கு இரட்டைப் பின்னல் போடும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாகப் பார்லர் சிகிச்சை. முடியின் பலம் அதிலுள்ள கந்தகக் கட்டுகளில் இருக்கிறது. முடி கருகினால் வரும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையதுதான். தோல் ஷாப்பில் சல்பைடு உடைப்பது இந்தக் கட்டைத்தான். வேண்டாத ரோமத்தை நீக்கும் கிரீமிலும், சுருட்டை முடியை நீட்டும் பல மருந்துகளிலும் இருக்கும் தயோகிளைக்காலேட் உடைப்பதும் இதையேதான். அளவும் காரமும் நேரமும்தான் வித்தியாசம். ஏற்கெனவே ஒடியும் முடிக்கு இது ஏற்றதல்ல என்று தனியே சொல்ல வேண்டுமா?

கெராட்டின் சிகிச்சை வேறு விதம். பெயரைக் கேட்டால் முடிக்குச் சத்து ஏற்றுவதுபோல் இருக்கிறது. பலவற்றில் நடப்பது என்னவென்றால், திரவத்தைத் தடவிச் சூடான இரும்பினால் தேய்க்கும்போது ஃபார்மால்டிஹைடு என்ற வாயு எழுந்து இழையை இறுக்குகிறது. தோல் பதனிடவும் உபயோகித்திருக்கிற சரக்கு அது! உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்துவிட்டது. "எங்களுடையதில் அது இல்லை" என்று சொல்லி விற்பவற்றில் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை மூன்று தடவை செய்துகொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாகப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-ல் எழுதினார்கள்.

இத்தனைக்கும் அது இழைக்குச் செய்யும் மினுக்கு. வேரோடு உதிரும் முடியில் ஒன்றைக்கூட அது நிறுத்தாது. மடியில் பால் குடிக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் புகையில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் மகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, மீதியில் நிக்காஹுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுங்கள். வெங்காயச் சாறும் வேண்டியதில்லை. தலை எரியும், கைக்குழந்தை மூக்கைச் சுளிக்கும். விழா நாளில் தளர்வாக ஒரு பின்னல் போட்டு இரண்டு முழம் மல்லிகை வைத்தால், முடி குறைந்தது யார் கண்ணுக்கும் தெரியாது.

நிக்காஹ் வீடென்றால் மருதாணி இல்லாமல் இராது. அரைத்த மருதாணி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். நாளாக ஆகத்தான் கறுக்கும். சில நிமிஷத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் "கறுப்பு மருதாணி" என்று யாராவது கூம்பை நீட்டினால் வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் சரக்கைக் கலந்திருப்பார்கள். கையில் கொப்புளம் கிளப்புவதோடு, பிற்காலத்தில் நரைக்குச் சாயம் பூசவே முடியாதபடி ஒவ்வாமையையும் உண்டாக்கிவிடும். அந்தச் சாயத்தைப் பற்றித்தான் அடுத்த வாரம் எழுதப் போகிறேன். அதற்குள் உங்கள் சீப்பிலிருந்து இருபது முடியை எடுத்து எண்ணிப் பார்த்துவிடுங்கள்.